மீன் மரபணு காத்திருக்கிறது, நீ எதற்குக் காத்திருக்கிறாய்?

"என்னிடம் ஆய்வகம் இல்லை" என்கிறாயா?

எதற்கு ஆய்வகம்? மீன்களின் மரபணு வரிசைகள் என்.சி.பி.ஐ. தளத்திலும் என்செம்பிள் தளத்திலும் திறந்தே கிடக்கின்றன. காசு கேட்பதில்லை. நீ எந்தக் கல்லூரி என்று கேட்பதில்லை. வரிசைகளைத் தேடி ஒப்பிடும் பிளாஸ்ட் இலவசம். பரிணாம மரம் வரையும் மெகா மென்பொருளும் இலவசம்!

பிறகு எது தடுக்கிறது? பயம்! அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, வசதி இல்லை என்கிறாய்.

"எல்லாவற்றையும்தான் கண்டுபிடித்துவிட்டார்களே!" இது உன் அடுத்த சாக்கு.

அண்டார்டிகாக் கடலைப் பார். நீரின் வெப்பநிலை மைனஸ் 1.9 டிகிரி வரை இறங்கும். மற்ற மீன்களின் இரத்தம் அதற்கு முன்பே உறைந்துவிடும். நோட்டோதெனியாய்டு மீன்களோ அங்கே நீந்தித் திரிகின்றன!

எப்படி? இரத்தத்தில் ஓர் உறைதடுப்புப் புரதம். 1960களில் ஆர்தர் டிவ்ரீஸ் அதைக் கண்டுபிடித்தார். வேலை முடிந்ததா? இல்லை! அந்தப் புரதத்தின் மரபணு எங்கிருந்து வந்தது?

1997-இல் விடை கிடைத்தது. ட்ரிப்சினோஜன்! கணையத்தில் செரிமானத்துக்கு உழைக்கும் மரபணு. அதன் சிறு துண்டு ஒன்று திரும்பத் திரும்பப் பெருகி, உயிர் காக்கும் புது வேலைக்கு வந்திருந்தது.

அப்போதாவது முடிந்ததா? வடதுருவத்துக் காட் மீனிலும் கிட்டத்தட்ட அதே புரதம். இரண்டும் ஒரே வம்சம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆய்வாளர் கிறிஸ்டினா செங்கின் குழு போகவில்லை. மரபணுவை மரபணுவோடு வைத்து ஒப்பிட்டார்கள். மூலமே வேறு!

2019-இல் வந்த ஆய்வு அதையும் தாண்டியது. காட் மீனின் அந்த மரபணு, எந்தப் புரதத்தையும் உருவாக்காத டி.என்.ஏ. பகுதியிலிருந்து எழுந்திருக்கிறது.

எதற்கும் ஆகாது என்று ஒதுக்கப்பட்ட இடத்திலிருந்து! இதைப் படித்த பிறகும் "என் பின்னணி சரியில்லை" என்று சொல்ல உனக்கு நாக்கு வருமா?

தோற்பாய். கட்டாயம் தோற்பாய். மரபணுக்களை ஒப்பிட்டு மரம் வரையும் வேலையே அப்படிப்பட்டது. ஏன்?

இன்றைய மீன்களில் மிகப் பெரும்பாலானவை டீலியோஸ்ட் வகை. அவற்றின் முன்னோரில், 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், முழு ஜீனோமும் இரட்டித்தது. பிறகு அந்த நகல்களில் பெரும்பாலானவை தொலைந்தும் போயின. உடலமைப்பை வகுக்கும் ஹாக்ஸ் மரபணுத் தொகுதிகள் மனிதனுக்கு 4. அப்படியானால் ஜீப்ரா மீனுக்கு 8 இருக்க வேண்டுமே? இருப்பது 7!

இந்த மீன் ஒரு நகலைத் தொலைத்திருக்கும், அந்த மீன் மற்றதைத் தொலைத்திருக்கும். நீ உடன்பிறந்தவன் என்று எழுதி வைத்தது பெரியப்பா மகனாக இருக்கும். உன் மரம் கோணிக்கொள்ளும்.

கோணட்டுமே! அழித்துவிட்டு மறுபடி வரை. இன்னும் சில மீன்களைச் சேர். அந்த இரட்டிப்புக்கு முன்பே கிளை பிரிந்துபோன புள்ளிக் கார் மீனை நடுவில் வை.

2016-இல் அதன் ஜீனோம் வெளிவந்தது. மனிதனையும் ஜீப்ரா மீனையும் நேராக ஒப்பிட்டபோது தட்டுப்படாத உறவுகள் அதன் வழியே தெரிந்தன. உறவு எப்போதும் இருந்தது. தட்டுப்படவில்லை என்பதற்காகத் தேடலை யாரும் நிறுத்தவில்லை, அவ்வளவுதான்!

நீ ஏன் நிறுத்துகிறாய்? தொடங்கவே இல்லையே நீ!

இன்றிரவே உட்கார். ஹீமோகுளோபினை உருவாக்கும் குளோபின் மரபணுக் குடும்பத்தை எடு. ஜீப்ரா மீன், கார் மீன், அண்டார்டிகாவின் பனிமீன் மூன்றையும் வரிசையில் வை. பனிமீனின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் இல்லை என்று ஜோஹன் ரூட் 1954-இலேயே எழுதிவிட்டார். மரபணுவில் என்ன மிச்சம் இருக்கிறது? நீயே பார்!

பனிமீனில் அந்தக் குடும்பத்தின் பீட்டா குளோபின் கிடைக்கவில்லையா? உண்மையிலேயே தொலைந்ததா, ஜீனோமைத் தொகுத்தபோது விடுபட்டதா? அக்கம்பக்கத்து மரபணுக்கள் அங்கேயே இருக்கின்றனவா? ஒவ்வொன்றாகச் சரிபார். சரிபார்க்காமல் எழுந்திருக்காதே!