பெட்டகத்தின் எண் தெரிந்தவர்கள்

அமெரிக்காவில் ஒருவர் தன் பெயரில் பதிவான துப்பாக்கிச் சைலன்சரையோ, 16 அங்குலத்துக்கும் குட்டையான குழல் கொண்ட ரைஃபிளையோ தன் குடும்ப டிரஸ்ட்டுக்கு மாற்றும்போது, அந்தப் பொருள் இரும்புப் பெட்டகத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகர வேண்டியதில்லை. நகர்வது காகிதம் மட்டுமே. துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஏடிஎஃப் என்ற மத்திய அமைப்புக்கு 'படிவம் 4' போகிறது. டிரஸ்ட்டை நிர்வகிக்கும் டிரஸ்டிகள் ஒவ்வொருவரும் கைரேகையும் இரண்டு அங்குலச் சதுரப் புகைப்படமும் அனுப்புகிறார்கள். அனுமதி வந்ததும் பதிவேட்டில் மனிதரின் பெயர் இருந்த இடத்தில் டிரஸ்ட்டின் பெயர் ஏறுகிறது. 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் இத்தகைய கைமாற்றத்துக்கு 200 டாலர் வரி விதித்தது. தன்னிடமிருந்து தன் டிரஸ்ட்டுக்கே கொடுத்தாலும் அதுவும் கைமாற்றம்தான். 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கும் குட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கும் அந்த வரி பூஜ்யம். இயந்திரத் துப்பாக்கி, வெடிகுண்டு வகைகளுக்கு மட்டும் பழைய 200 டாலர் நீடிக்கிறது. செலவு என்ற தயக்கம் நீங்கிவிட்ட நிலையில் ஒரு பழைய கேள்வியை மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது. உயிரெடுக்கக்கூடிய பொருளுக்கு ஓர் ஆவணம் உடைமையாளர் ஆகலாமா? ஆகலாம் என்றால், அதுவரை ஒரு மனிதர் சுமந்த பொறுப்பு எங்கே போகிறது?

இப்படி மாற்றுகிறவர்களைச் சட்டத்தை ஏய்ப்பவர்கள் என்று சொல்வது அநியாயம். தனிநபர் பெயரில் பதிவான ஆயுதத்தை அந்த ஒருவர் மட்டுமே வைத்திருக்கலாம். அவர் வெளியூர் போயிருக்கும்போது பெட்டகத்தின் எண் மனைவிக்குத் தெரிந்திருந்தால் போதும். கையால் தொடாவிட்டாலும், எடுக்கக்கூடிய நிலையில் இருந்ததையே கைவசம் வைத்திருந்ததாகக் கருத இடமுண்டு. தேசியத் துப்பாக்கிச் சட்டத்தை மீறினால் 10 ஆண்டு வரை சிறை. டிரஸ்ட்டில் மனைவியும் ஒரு டிரஸ்டி ஆகிவிட்டால் இந்த அச்சம் இல்லை. இன்னொன்று, மனிதர் இறந்துபோவார், டிரஸ்ட் இறப்பதில்லை. 1986 மே 19க்குப் பிறகு செய்யப்பட்ட இயந்திரத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் பெயரில் பதிய முடியாது என்பதால், அதற்கு முந்தையவை இன்று பல்லாயிரம் டாலர் விலை போகின்றன. அப்படிப்பட்ட சொத்து நீதிமன்ற இழுபறி இல்லாமல் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தகப்பன் நினைப்பதில் தவறு காண முடியாது.

டிரஸ்ட் என்றதும் கோயிலும் பள்ளிக்கூடமும் நடத்தும் அறக்கட்டளைதான் நமக்கு நினைவுக்கு வரும். ஆங்கிலச் சட்டத்தில் அது முதலில் உடைமையை ஒருவரிடமும் அனுபோகத்தை இன்னொருவரிடமும் பிரித்து வைக்கும் ஏற்பாடு. இடைக்கால இங்கிலாந்தில் இந்தப் பிரிவினை வழக்கத்தில் இருந்த இடங்களில் ஒன்று பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம். எதையும் சொந்தம் கொண்டாடுவதில்லை என்று விரதம் பூண்டவர்களுக்கும் தலைக்கு மேல் கூரை வேண்டுமே. நிலத்தை வேறொருவர் பெயரில் வைத்து, துறவிகளை அதில் குடியிருக்க விட்டார்கள். 1279இல் போப் மூன்றாம் நிக்கோலஸ் இதற்குச் சமய ஒப்புதலே கொடுத்தார்: துறவிகளுக்கு உபயோகம் மட்டும், உடைமை போப்பாண்டவர் பீடத்துக்கு. 1322இல் போப் 22ஆம் ஜான் அதை உடைத்தார். ரொட்டியைத் தின்கிறவன் ரொட்டியை இல்லாமல் ஆக்குகிறான். உபயோகிப்பதே அழிப்பதாக இருக்கும் பொருளில் உடைமை வேறு, உபயோகம் வேறு என்பது வெறும் பேச்சு என்பது அவர் வாதம். ஓக்கம் வில்லியம் என்ற பெரும் தத்துவவாதி அவரை எதிர்த்து எழுதினார். துறவிகளின் எளிமை மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் வாதத்தின் வலு போப் பக்கம் இருப்பதாகவே நினைக்கிறேன். அவர் சொல்லாத ஓர் இடத்துக்கும் அதை நீட்டலாம். துப்பாக்கி உபயோகத்தில் அழிவதில்லை. எதிரில் நிற்கும் உயிர் அழிகிறது. மீட்க முடியாத இழப்பு நேரக்கூடிய பொருளில், "உடைமை டிரஸ்ட்டுடையது, நான் உபயோகிக்க மட்டுமே செய்கிறேன்" என்று யாரும் விலகி நிற்க முடியாது.

இதைவிடப் பழைய சாட்சி பிளேட்டோவின் 'குடியரசு' முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதுதான் நீதி என்ற பேச்சு வரும்போது சாக்ரடீஸ் ஓர் ஆயுதத்தை எடுத்துக்காட்டுகிறார். நண்பன் தெளிந்த புத்தியோடு ஆயுதத்தைக் கொடுத்து வைத்தான், புத்தி பேதலித்த பிறகு வந்து கேட்கிறான், கொடுக்கலாமா? கூடாது என்கிறார் சாக்ரடீஸ். இந்த உரையாடல் நடப்பது கெஃபாலஸ் என்ற முதியவரின் குடும்ப வீட்டில். அவர் பிள்ளைகள் கேடயப் பட்டறை வைத்திருந்தவர்கள். ஆயுத வியாபாரம் அறிந்த வீடு. பொருள் நண்பனுடையதுதான், உரிமையும் அவனுடையதுதான், இருந்தாலும் தர மறுப்பதே நீதி. அடைக்கலமாக வைத்திருப்பவரின் கடமை பத்திரமாக வைத்திருப்பதோடு முடியவில்லை. கேட்கிறவனின் முகத்தைப் பார்த்து "இன்று தர மாட்டேன்" என்று சொல்வதும் அதில் அடக்கம். டிரஸ்ட் பத்திரத்தால் உடைமையை ஏற்க முடியும், வரி கட்ட முடியும், தலைமுறை தாண்டி நிற்க முடியும். முகத்தைப் பார்க்க அதற்குக் கண் இல்லை.

சட்டமே இந்தக் குறையை ஒருமுறை உணர்ந்தது. 2016 ஜூலை 13க்கு முன்பு தனிநபர் விண்ணப்பித்தால் கைரேகை, புகைப்படம், உள்ளூர்க் காவல் தலைமை அதிகாரியின் கையெழுத்து எல்லாம் தேவை. டிரஸ்ட் விண்ணப்பித்தால் இவை எதுவும் தேவையில்லை. காகிதத்துக்கு விரல் ஏது? அந்தத் தேதியில் நடைமுறைக்கு வந்த விதி, டிரஸ்ட்டின் பின்னால் இருக்கும் பொறுப்பான மனிதர்கள் ஒவ்வொருவரின் கைரேகையையும் புகைப்படத்தையும் கேட்டது. காவல் அதிகாரியின் கையெழுத்துக்குப் பதில் அவருக்குத் தகவல் அனுப்பினால் போதும் என்றது. நல்ல திருத்தம். ஆனால் அனுமதி கிடைத்த பிறகு புதிதாக ஒருவரை டிரஸ்டியாகச் சேர்த்தால் அதை ஏடிஎஃப்புக்குத் தெரிவிக்கும் கட்டாயம் இல்லை. அடுத்த ஆயுதத்துக்கு விண்ணப்பம் போகும்போதுதான் அவர் முகம் தெரியவரும். அடுத்தது வாங்கவே இல்லையென்றால் தெரியவே தெரியாது.

கடுங்குற்றத் தண்டனை பெற்றவர், குடும்ப வன்முறையில் தண்டிக்கப்பட்டவர், மனநிலை காரணமாக நீதிமன்றம் விலக்கியவர் ஆயுதம் வைத்திருப்பது டிரஸ்ட் இருந்தாலும் குற்றம்தானே, பிறகு என்ன கவலை என்று கேட்கலாம். உண்மைதான்; ஆனால் அது கடைசி வேலி. பிளேட்டோவின் உதாரணத்தில் வரும் நண்பனுக்கு எதிராக எந்தத் தீர்ப்பும் இல்லை. அவன் நிலைகுலைந்திருப்பது பக்கத்தில் இருந்தவருக்கு மட்டுமே தெரியும். கம்பெனியும் கோயிலும்கூடச் சட்டப்படி நபர்கள்தானே, ஆயுதத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி என்றும் கேட்கலாம். நிலத்தை ஒருவன் தவறாக ஆண்டால் வழக்குப் போட்டு மீட்டுவிடலாம். துப்பாக்கி விஷயத்தில் வழக்கு எப்போதும் பிந்தித்தான் வரும்.

ஆகவே டிரஸ்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுக்கும் கைகளை மட்டும் கூட்டினால் அது தீங்கு; மறுக்கும் வாய்களையும் சேர்த்துக் கூட்டினால் ஒருவர் பெயரில் இருப்பதைவிட மேல். டிரஸ்ட் எழுதுகிறவர்கள் யார் எடுக்கலாம் என்று எழுதும் அதே பக்கத்தில், எந்த நிலையில் எந்த டிரஸ்டியும் இன்னொருவருக்குத் தர மறுக்கலாம், பெட்டகத்தின் எண்ணை மாற்றலாம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். பின்னால் சேரும் டிரஸ்டியின் கைரேகையையும் புகைப்படத்தையும் சட்டம் கேட்க வேண்டும். பொறுப்பு மனிதருடையது என்பதற்கு இரும்பிலேயே ஓர் அடையாளம் உண்டு. தானே குழலைக் குட்டையாக்கி ரைஃபிள் செய்தவர் அதில் தன் பெயரையும் ஊரையும் குறைந்தது 0.003 அங்குல ஆழத்துக்குப் பொறிக்க வேண்டும் என்பது விதி. பிறகு அதை டிரஸ்ட்டுக்கு மாற்றும்போது புதிதாக எதையும் பொறிக்கச் சொல்வதில்லை. முதலில் வெட்டிய மனிதப் பெயர் இரும்பில் அப்படியே இருக்கிறது.