வாசலில் நின்றவர்கள்



"கோயிலுக்குள் அரசியல் வேண்டாம்" என்பது எமது பொதுக்கூட்டங்களில் அடிக்கடி ஒலிக்கும் வாக்கியம். அது நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதே. எனினும் கோயிலையும் அரசியலையும் அவ்வளவு இலகுவாகப் பிரித்துவிட முடியுமா என்ற ஐயம் எமக்கு நெடுநாளாக உண்டு. அதனை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

மனிதர் கூடி வாழும் முறைகளையும் அவர்தம் சடங்குகளையும் நம்பிக்கைகளையும் ஆராயும் துறை மானிடவியல். கணக்கியல் பயின்ற எமக்கு அது தூரத்து உறவுதான். ஆயினும் ஸ்காபரோ நூலகத்தின் ஞாயிற்றுக்கிழமைகள் எம்மை அதன் பக்கம் இழுத்தன. எம்மவர் பலரைப் போலவே முதலில் நாமும் தேடியது பேராசிரியர் ஸ்ரான்லி தம்பையாவின் எழுத்துக்களை. 1929 இல் இலங்கையில் பிறந்த தமிழரான அவர், ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் கற்பித்து 2014 இல் மறைந்தார். பௌத்தம் காட்டிக்கொடுக்கப்பட்டதா என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்ட அவரது நூல் 1992 இல் வெளிவந்தது. அகிம்சையைப் போதித்த ஒரு சமயம் எவ்வாறு ஓர் இனத்தின் அரசியற் கொடியாகியது, பிக்குகள் எவ்வாறு அரசியல் மேடையேறினர் என்பதை அந்நூல் விரிவாக ஆராய்ந்தது. அதனை நாம் மகிழ்ச்சியோடு படித்தோம், நண்பர்களுக்கும் கொடுத்தோம்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1990 இல், பிரையன் பஃபன்பேகர் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதிய கட்டுரை ஒன்றும் உண்டு. அது மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் 1968 இல் எழுந்த ஆலயப் பிரவேச நெருக்கடியையும் தமிழ்த் தேசிய உணர்வு உருவான விதத்தையும் சேர்த்து ஆராய்வது. அதனை நாம் எவருக்கும் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அந்நிகழ்ச்சியை இளையோருக்காகச் சுருக்கமாகச் சொல்வோம். சாதியின் பேரால் ஒருவரைப் பொது இடங்களிலும் வழிபாட்டு இடங்களிலும் தடுப்பது குற்றம் என 1957 இலேயே இலங்கையில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்தும் பல வாசல்கள் திறக்கவில்லை. 1968 இல் தாழ்த்தப்பட்ட மக்கள் மாவிட்டபுரம் கோயிலுக்குள் சென்று முருகனை வணங்க உரிமை கேட்டு வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவர்களைத் தடுக்க எதிரே நின்றோரின் தலைவர் படியாத பாமரர் அல்லர். கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான செ. சுந்தரலிங்கம் அவர்களே. மலையகத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினையில் 1948 இல் அமைச்சர் பதவியைத் துறந்தவர் அவர். தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று மிக முன்னரே குரல் எழுப்பியவர்களுள் ஒருவர். கோயில் வாசலில் நின்றமைக்காக அவர் மீது அந்த 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது.

அவரைத் தூற்றுவது எமது நோக்கமன்று. நாட்டின் வாசலில் ஒரு மக்களைத் தடுத்தபோது பதவியையே விட்டெறிந்த ஒருவர், கோயில் வாசலில் தாமே தடுப்பவராக நின்றாரே, அது எப்படி? இரண்டும் இரு வேறு விடயங்கள் என்று அவர் மனப்பூர்வமாக நம்பியிருக்கக் கூடும். முதலாவது அரசியல், இரண்டாவது ஆசாரம். நாமும் அப்படித்தான் நம்புகிறோம்.

மேரி டக்ளஸ் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1966 இல் எழுதிய நூலில் அழுக்கு என்றால் என்ன என்று கேட்கிறார். தன் இடத்தை விட்டு வேறிடத்தில் இருக்கும் பொருளையே அழுக்கு என்கிறோம் என்பது அவர் தரும் விளக்கம். பனிக்காலச் சப்பாத்து கோயில் வாசல் தட்டில் இருந்தால் அது சப்பாத்து. அதையே அன்னதான மேசையில் வைத்தால் அழுக்கு. சப்பாத்து மாறவில்லை. எது எங்கே இருக்கவேண்டும் என்று நாம் போட்ட ஒழுங்குதான் மீறப்பட்டது. ஒழுங்கு போட்டவர் மனிதர். துடக்கும் தீட்டும் மனிதர் மீது ஏற்றப்படும்போது அங்கே யார் எங்கே நிற்பது என்று ஒருவர் தீர்மானிக்கிறார். அத்தீர்மானத்துக்கு அரசியல் என்பதைத் தவிர வேறு என்ன பெயர்?

எமது சமயம் இதனை அறியாததன்று. திருநாளைப்போவார் என்னும் நந்தனார் திருப்புன்கூரில் வெளியே நின்றபோது, அவர் காணும்படி நந்தி விலகியதாகப் பெரியபுராணம் கூறுகிறது. அவரை அறுபத்து மூவருள் ஒருவராக உள்வீதியில் வைத்துப் பூசிக்கிறோம். அவர் பிறந்த சமூகத்தவரை வெளிவீதியில் நிறுத்தியவர்களும் நாமே.

பின்னர் 1990 வந்தது. வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். மாவிட்டபுரம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. உள்ளே நின்று கும்பிட்டவரும் வெளியே நின்று கும்பிட்டவரும் சேர்ந்தே அக்கோயிலை இழந்தனர். ஆயினும் முகாம்களில் ஆண்டாண்டாகத் தங்க நேர்ந்தவர்களுட் பலர் சொந்தக் காணியற்றவர்கள். அவர்களுட் பெரும்பாலோர் எச்சமூகத்தவர் என்பதை ஊர் அறியும்.

கனடாவின் வாசலிலும் நாம் நின்றிருக்கிறோம். 1986 இல் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 பேர் மீட்கப்பட்டனர். 2010 இல் சன் சீ கப்பலில் 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாவை வந்தடைந்து, பலர் மாதக்கணக்காகத் தடுப்புக்காவலில் இருந்தனர். இவர்களை உள்ளே விடலாமா என்று பத்திரிகைகள் விவாதித்தன. எமது அகதி விசாரணையும் மறக்கக் கூடியதன்று. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், யாரோடு தொடர்பு என்று கேள்விகள் வந்தன. ஊரில் சோதனைச் சாவடிகளிலும் அவையே கேள்விகள். பதிலைப் பொறுத்தே கதவு திறக்கும் என்பதை அறிந்த நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பதை எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை.

இனி எமது பிழையைச் சொல்கின்றோம். சென்ற ஆண்டுத் திருவிழாவின்போது அன்னதான மண்டபத்தில் ஒரு தம்பி சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டு வந்தார். "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டோம். தந்தையின் ஊரைச் சொன்னார். அது எமது ஊருக்கு அயல் ஊர். மகிழ்ச்சியாக இருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அங்கை எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?" என்று எமது வாய் கேட்டுவிட்டது. அத்தம்பியின் முகம் ஒரு கணம் மாறியது. "எனக்குத் தெரியாது அங்கிள், நான் இங்கைதான் பிறந்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். வீடு திரும்பும் வழியில் எமது மகள் கேட்டாள்: "ஏன் அப்பா அந்த அண்ணாவை அப்பிடிக் கேட்டனீங்கள்?" "சும்மா, ஊர்க்கதை" என்றோம். கணக்காளர் ஒருவர் தெரிந்தே எழுதிய பொய்க்கணக்கு அது.

இழந்த ஊரைப் பற்றி விசாரிப்பது அன்பல்லவா என்று சிலர் கேட்கலாம். உண்மை. சிதறிப்போன மக்கள் தம்மவரைத் தேடுவது இயல்பு. ஆனால் முதலாவது கேள்வி உறவு தேடுகிறது. இரண்டாவது கேள்வி தரம் பிரிக்கிறது. கேட்பவருக்கும் அது தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். இங்கு கோயில் வாசலில் எவரையும் எவரும் மறிப்பதில்லை என்று நாம் பெருமைப்படுவது நியாயமே. மறிப்பு வாசலை விட்டு எங்கே போயிற்று? அது அன்னதானப் பந்திக்கும், கலியாணப் பேச்சுக்கும், உபயம் யாருக்கு என்ற ஆலோசனைக்கும் இடம்பெயர்ந்து எம்மோடு விமானம் ஏறி வந்துவிட்டது.

மானிடவியல் தரும் கண்ணாடியைப் பிறர் முகத்துக்கு நேரே பிடித்தபோது நாம் கைதட்டினோம். அதே கண்ணாடியை எமக்கு நேரே திருப்பியபோது நூலை மூடிவைத்தோம். பிக்குகளின் அரசியலைக் கண்டிக்கும் உரிமை எமக்கு உண்டு. எமது பந்தியில் கேட்கப்படும் இரண்டாவது கேள்விக்கும் நாம் பொறுப்பேற்கும்போதுதான் அந்த உரிமை முழுமை பெறும்.

வரும் திருவிழாவில் அத்தம்பியை மீண்டும் காண்போம் என நம்புகின்றோம். அவரிடம் கேட்க ஒரு கேள்வியை ஆயத்தமாக வைத்திருக்கிறோம்: "தம்பி, எல்லாருக்கும் பரிமாறுறீர், நீர் சாப்பிட்டிட்டீரோ?" மன்னிப்பும் கேட்கவேண்டும். அதற்கு எம்பெருமான் துணை செய்வாராக.