மரண விசாரணையும் அரசின் மறுமொழியும்

ஒருவர் இயற்கைக்கு மாறாக இறந்துவிடின், அவர் யார், எப்போது, எங்கே, எவ்வாறு இறந்தார் என்னும் வினாக்களுக்கு விடை காண்பதே மரண விசாரணை அதிகாரியின் முதற்கடன். குற்றவாளியைத் தீர்மானித்தல் அவர் பணியன்று. ஆயினும், இங்கிலாந்திலும் வேல்சிலும் அவருக்கு மற்றொரு கடமையும் உண்டு. அதே நிலைமை தொடரின் மேலும் உயிர்கள் அழியுமென அவர் கருதுவாராயின், அதனைத் தடுக்க வல்லவர்களுக்கு அறிக்கை அனுப்புதல் வேண்டும். பெற்றவர்கள் 56 நாட்களுக்குள் எழுத்தில் மறுமொழி அளித்தல் வேண்டும். ஆனால், விதந்துரைத்தவற்றைச் செய்தேயாக வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. இங்குதான் ஓர் அறவினா எழுகின்றது. மறுமொழி கூறிய அளவில் அரசின் கடமை தீர்ந்துவிடுமா?

2009 யூலை 3ஆம் நாள் இலண்டன் கம்பர்வெல் பகுதியிலுள்ள லக்கனல் இல்லம் என்னும் 14 மாடிக் குடியிருப்பில் தீப்பற்றி மூன்று பெண்களும் மூன்று குழந்தைகளும் மாண்டனர். 2013 மார்ச்சில் விசாரணை முடிவுற்றதும், கட்டடங்களின் தீப்பாதுகாப்புக்கான அரச வழிகாட்டி தெளிவாக அமையும் வண்ணம் மீளாய்வு செய்யப்படல் வேண்டுமென மரண விசாரணை அதிகாரி அமைச்சருக்கு எழுதினார். அமைச்சர் மறுக்கவில்லை. மீளாய்வு நடைபெறும், புதிய பதிப்பு 2016-17 காலப்பகுதியில் வெளிவரும் என மே மாதத்தில் மறுமொழி அனுப்பினார். 2017 யூன் 14ஆம் நாள் 24 மாடிகளைக் கொண்ட கிறென்பெல் கோபுரம் எரிந்து 72 பேர் உயிரிழந்தபோது அப்பதிப்பு வெளிவந்திருக்கவில்லை. அவ்விதப்புரை அவசர உணர்வோடு கையாளப்படவில்லை என்று 2024 செப்டெம்பரில் வெளியான பகிரங்க விசாரணையின் இறுதியறிக்கை கண்டது.

அரசின் பக்கத்து நியாயத்தையும் நோக்குதல் தகும். மரண விசாரணை அதிகாரி காண்பது ஒரு நிகழ்வை. அரசோ பல்வேறு ஆபத்துக்களையும் தேவைகளையும் நிதியையும் ஒருங்கே சீர்தூக்க வேண்டியுள்ளது. ஒவ்வொரு விதப்புரையும் சட்டமாகுமாயின், மக்களால் தெரிவு செய்யப்படாத ஒருவர் நாட்டை ஆள்வதாக முடியும். கிறென்பெல் அனர்த்தத்துக்கும் உற்பத்தியாளரின் நேர்மையின்மை உட்படக் காரணங்கள் பல. வழிகாட்டி திருத்தப்பட்டிருப்பின் அனைவரும் பிழைத்திருப்பர் என அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை.

எனவே மறுக்கும் உரிமை அரசுக்கு இருத்தல் வேண்டும். ஆனால் லக்கனல் விடயத்தில் அவ்வுரிமை பயன்படுத்தப்படவில்லை என்பதே ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. காரணங்காட்டி மறுத்திருந்தால், பாராளுமன்றமும் பத்திரிகைகளும் இறந்தோரின் உறவினரும் அக்காரணத்தை எதிர்த்து வாதாடியிருக்கலாம். ஏற்றுக்கொண்டு காலந்தாழ்த்துவதை எதிர்த்து வாதாடுதல் எளிதன்று. கேட்போர் அமைதியுறுவர். கடிதம் கோவையிற் சேரும். ஆபத்து இருந்த இடத்திலேயே இருக்கும்.

நெடிதுயர்ந்த புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவர்களில் எரியக்கூடிய பொருட்களைப் பயன்படுத்துதல் 2018ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் தடைசெய்யப்பட்டது. எழுபத்திரண்டு பேர் இறந்த பின்னர் ஒன்றரை ஆண்டில் விதிகளை மாற்ற அரசால் இயன்றது. ஆறு பேர் இறந்த பின்னர் கூறப்பட்ட எச்சரிக்கை நான்காண்டுகள் காத்திருந்தது. பதில் கூறுதல் என்பதற்குத் தமிழில் கடிதத்துக்கு விடையளித்தல் என்றும், செய்தமைக்கும் செய்யாமைக்கும் பொறுப்பேற்றல் என்றும் இரு பொருள் உண்டு. ஐம்பத்தாறு நாட் தவணை முதலாவதற்கே போதுமானது. இரண்டாவதற்குத் தவணை விதிப்பார் எவருமிலர். அரசு தானே அதனை விதித்துக்கொள்ளுதல் வேண்டும்.