கரண்டி பிடித்தவருக்கா, தட்டு பிடித்தவருக்கா?

"மனசு லேசாகணும்னு அன்னதானத்துல வேலை செய்யறது சேவையா? இல்ல, அதுவும் ஒரு சுயநலம்தானா?"

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு தோழி கேட்ட கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கு. நான் ஜொகூரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வாரம் முழுக்க லேப் ரிப்போர்ட், அசைன்மெண்ட், சிஜிபிஏ கவலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் சமையல்கட்டில் இரண்டு மணி நேரம் வெங்காயம் உரித்தால், அன்றிரவு நல்லா தூக்கம் வருது.

ஏன்? அங்கே யாரும் எனக்கு மார்க் போடுவதில்லை. கை வேலை செய்யும்போது வாய் தானாகத் திறக்குது. நேருக்கு நேர் உட்கார்ந்து சொல்ல முடியாத கவலையை, பக்கத்தில் பூசணிக்காய் நறுக்கும் அக்காவிடம் சொல்லிவிடலாம். 2025-ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை, சேர்ந்து உண்பதைப் பற்றியே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கு. பிறரோடு அடிக்கடி சாப்பிடுகிறவர்களிடம் மனநிறைவு கூடுதலாகக் காணப்படுது என்கிறது அது.

தோழிக்கு என் பதில் இதுதான். பலன்மேல் பற்று வைக்காதே என்கிறது கீதை. தானாக வரும் நிம்மதியைத் தள்ளிவிடு என்று அது சொல்லவில்லை. நிம்மதிக்காக மட்டுமே வருகிறோமா என்று தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. எல்லாரும் போட்டோ எடுத்துட்டுக் கிளம்பின பிறகு, அடிப்பிடிச்ச சாம்பார் அண்டாவைத் தேய்க்க நிற்கிறோமா? நின்றால் அது சேவைதான்.

ஆனா அவள் கேள்வி இன்னொன்றையும் யோசிக்க வைத்தது. அந்த நிம்மதி யாருக்குக் கிடைக்குது? சேர்ந்து நறுக்குவது, சிரிப்பது, பேசுவது எல்லாம் மேசைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் வரிசையில் நிற்கிறவர் சோற்றை தாப்பாவ் பண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தனியாகச் சாப்பிடுகிறார். வயிறு நிறைந்தாலும் தனிமை அப்படியே இருக்கு.

1867-இல் வள்ளலார் வடலூரில் தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. சாதி, மதம் பார்க்காமல் பசித்தவர் யாராக இருந்தாலும் சோறு என்பது அவர் வகுத்த வழி. வந்தவரைச் சமமாக நடத்துவது அதன் உயிர். நாமும் எல்லாருக்கும் கொடுக்கிறோம். ஆனா என்றைக்கும் வாங்குகிற இடத்திலேயே ஒருவரை நிறுத்தி வைத்தால், அது சமம் ஆகுமா?

வாராவாரம் வரும் அங்கிளிடம், "கொஞ்சம் வாழையிலை துடைச்சுத் தர்றீங்களா?" என்று கேட்டுப் பார்க்கலாமே. தைப்பூசத்தில் பத்துமலைக் கூட்டத்துக்கு இது நடக்காது. நம்ம தாமான் கோயிலில் தாராளமா நடக்கும்.

இன்னொன்று. சமையல்கட்டு, சிகிச்சைக்கு மாற்று இல்லை. வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் தவிக்கிற நண்பனிடம் "கோயிலுக்கு வா, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி முடித்துவிடக் கூடாது. கவுன்சிலரிடமோ டாக்டரிடமோ கூடவே போங்க.

அடுத்த அன்னதானத்தில் கரண்டியை இன்னொருத்தர் கையில் கொடுத்துட்டு, ஒரு தட்டோடு, தனியாச் சாப்பிடறவர் பக்கத்தில் போய் உட்காருங்க. பேசறதுக்கு ஒன்றும் தோணலைன்னா, "ரசம் எப்படி இருக்கு?" என்று கேளுங்க. அது போதும்.