வழங்கலும் விதித்தலும்

பிறர் பயன்பாட்டுக்கென ஒன்றை ஆக்குவோர், அதன் தோற்றத்தை எந்த அளவிற்குத் தீர்மானிக்கலாம்? கணினித் திரையில் இடம்பெறும் பொத்தானொன்றின் ஆக்கத்திலும் இவ்வறவினா அடங்கியுள்ளது.

2006இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட டபிள்யூ.பி.எஃப். என்னும் இடைமுக அமைப்பை நோக்குவோம். அதிலே புதிய பொத்தானொன்றை ஆக்கும் நிரலாளர், அதன் நிறத்தை இரு வழிகளிற் குறிக்கலாம். பொத்தான் உருவாகும் கணத்திலேயே நேரடிப் பெறுமானமாக இடுவாராயின், அதனைப் பின்னர் பயன்படுத்துவோர் எழுதும் தோற்றப் பாணி அந்நிறத்தை மாற்றவியலாது. தனிக்கோப்பிலே இயல்புநிலைப் பாணியாக எழுதிவைப்பாராயின், பயன்படுத்துவோர் குறிப்பிடும் பண்புகள் மாறும். ஏனையவை முன்போலவே நிற்கும். நிறம் ஒன்றேயாயினும் முன்னையது கட்டளை, பின்னையது கொடை.

அவ்வாறாயின் இயல்புநிலையையே கைவிடலாமே எனச் சிலர் வினவலாம். அனைத்தையும் தாமே தெரிவுசெய்யுமாறு பிறரைப் பணிப்பதும் சுமையேற்றலேயாகும்.

இணையப் பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சீ.எஸ்.எஸ். நியமத்திலும் இச்சிக்கல் எழுந்தது. ஆக்கியோரும் வாசகரும் தத்தம் விதியை 'முக்கியம்' எனக் குறித்தபோது, 1996இன் முதற் பதிப்பில் ஆக்கியோர் விதியே வென்றது. 1998இன் இரண்டாம் பதிப்பு அவ்வெற்றியை வாசகருக்கு அளித்தது. பார்வை குன்றியவருக்குப் பெரிய எழுத்து என்பது வாசிக்கும் உரிமையேயாகும். ஆக்கியோரின் அழகுணர்ச்சி அதற்குத் தடையாதல் தகாது.

நல்லதொரு தொடக்கத்தை அளித்தல் ஆக்கியோரின் கடமை. அதனை மாற்றுவோருக்கு வழிவிடுதலும் அக்கடமையின் பாற்பட்டதே.