குரலும் மின்னழுத்தமும்: அருளைப் பங்கு பிரிக்க முடியுமா?

மனிதன் செய்யும் நற்செயலில் அவனுடைய முயற்சி எவ்வளவு, இறைவனின் அருள் எவ்வளவு? சமயங்கள் பலவும் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொண்டிருக்கின்றன. கிறிஸ்தவத்தில், நன்மை செய்ய மனித இயல்பே போதும் என்று பெலாஜியஸ் சொன்னார். அருளின்றி நன்மையை விரும்பவும் இயலாது என்று அகஸ்டின் மறுத்தார். கி.பி. 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாஜியஸின் கொள்கையைக் கண்டித்தார்கள். வைணவத்தில், வேதாந்த தேசிகரை ஆசாரியராகக் கொண்ட வடகலையார் தாயை இறுகப் பற்றும் குரங்குக் குட்டியை உவமையாகக் காட்டினார்கள். பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றிய தென்கலையார் தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியைக் காட்டினார்கள். ஆசாரியர்களின் நூல்களில் இந்த வாதம் நுட்பமானது. மேடையிலும் வீட்டிலும் பேசப்படும்போதுதான் அது கணக்கு வழக்காகச் சுருங்கிவிடுகிறது: அருளுக்கு முழுவதையும் கொடுத்தால் மனிதனுக்கு எதுவும் மிஞ்சாது, மனிதனுக்குச் சிறிது கொடுத்தால் இறைவனின் பங்கு அந்த அளவு குறையும். இந்தப் பங்கீட்டு எண்ணமே பிழை என்பது என் வாதம். ஆற்றல் எங்கிருந்து வருகிறது, வேலையை யார் செய்கிறார் என்பதைத் தனித்தனியே அளந்து பார்க்கக்கூடிய ஓர் இடத்தில் அந்தப் பிழை தெளிவாகப் புலப்படும். அமெச்சூர் வானொலி நிலையத்தில், அலைகளை அனுப்பவும் பெறவும் உதவும் டிரான்ஸீவரோடு மைக்கை இணைக்கும் முறை அப்படிப்பட்ட இடம்.

மைக்குகள் எல்லாம் ஒரே வழியில் இயங்குவதில்லை. 1878இல் டேவிட் ஹியூஸ் விளக்கிக் காட்டிய கார்பன் மைக் தானாக மின்சாரம் எதையும் உண்டாக்காது. பேட்டரியிலிருந்து ஓடும் மின்னோட்டத்தைக் குரலின் அழுத்தம் கூட்டியும் குறைத்தும் விடுகிறது, அவ்வளவுதான். டைனமிக் மைக்கின் வழி வேறு. காந்தப்புலத்தில் தொங்கும் மெல்லிய கம்பிச்சுருளைக் குரலே அசைக்கிறது. அந்த அசைவே மின்னழுத்தமாகிறது. இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. மூன்றாவது, பெல் ஆய்வகத்தில் 1962இல் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் உருவாக்கிய எலெக்ட்ரெட் மைக். அதன் படலத்தில் மின்னூட்டம் நிலையாகத் தங்கியிருக்கிறது. குரல் பட்டுப் படலம் அதிரும்போது மின்னழுத்தம் மாறுகிறது. ஆனால் அந்த மாற்றத்தை அப்படியே வெளியே கொண்டுவர முடியாது. உள்ளேயே பொருத்தப்பட்ட சிறிய டிரான்சிஸ்டர் அதை ஏற்று வெளியே அனுப்ப வேண்டும். அந்த டிரான்சிஸ்டர் வேலை செய்ய வெளியிலிருந்து சில வோல்ட் பயாஸ் மின்னழுத்தம் வந்தாக வேண்டும்.

நம் கேள்விக்கு மிகவும் பொருந்துவது இந்த எலெக்ட்ரெட் மைக்தான். டிரான்ஸீவர் தரும் மின்னழுத்தம் ஒரு மின்தடை வழியாக மைக்கை அடைகிறது. அதே கம்பியில்தான் குரலும் எதிர்த்திசையில் திரும்பி வருகிறது. இரண்டையும் ஒரு மின்தேக்கி பிரித்துக் குரலை மட்டும் உள்ளே விடுகிறது. பயாஸை எடுத்துவிட்டால் எவ்வளவு உரக்கப் பேசினாலும் ஒன்றும் வெளிவராது. பேசுபவர் வாயை மூடிக்கொண்டால் பயாஸ் எவ்வளவு நேரம் இருந்தாலும் ஒரு சொல்கூடப் பிறக்காது. அந்தக் கம்பியில் வரும் சமிக்ஞையில் டிரான்ஸீவரின் பங்கு எத்தனை விழுக்காடு, பேசுபவரின் பங்கு எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்காது. அதன் ஆற்றல் முழுவதும் டிரான்ஸீவர் தந்தது. அதன் வடிவம் முழுவதும் குரல் தந்தது. ஒன்றுக்கு முழுமையைக் கொடுத்ததால் மற்றொன்றிலிருந்து எதுவும் கழியவில்லை. இரண்டு காரணங்கள் ஒரே தளத்தில் நின்றால்தான் பங்கு பிரிக்க முடியும். வேறு வேறு தளங்களில் நின்றால் ஒரே விளைவு இரண்டுக்கும் முழுமையாக உரியதாக இருக்கலாம்.

சைவ சித்தாந்தம் ஆன்மாவைப் பற்றிச் சொல்வது இதற்கு மிக நெருக்கமானது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தின் 12 சூத்திரங்களில் நிறுவிய நெறிப்படி ஆன்மா சடப்பொருள் அல்ல. அறியும் இயல்பு அதற்கே உரியது. ஆனால் அந்த இயல்பு தானாக விளங்குவதில்லை, அறிவித்தால்தான் அறியும். படலத்தில் மின்னூட்டம் இருந்தும் பயாஸ் இல்லாமல் அது வெளிப்படாத நிலையோடு இதை ஒப்பிடலாம். அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் தாமஸ் அக்குவினாஸும் இந்த முடிவுக்கே வந்தார்: ஒரு விளைவில் பாதி இறைவனால், பாதி இயற்கையால் என்று பிரிக்கக் கூடாது; முழுவதும் இருவராலும் ஆகிறது, ஆகும் விதம்தான் வேறு. ஒருவரையொருவர் அறியாத இரண்டு மரபுகள் ஒரே பங்கீட்டுப் பிழையை விலக்கியிருக்கின்றன.

இதற்கு எழும் முதல் மறுப்பு டைனமிக் மைக். அதற்கு வெளியிலிருந்து மின்சாரமே வேண்டாம் என்றால், அருளை நாடாமல் தன் வலிமையால் நிற்கும் மனிதருக்கும் இடமிருக்கிறது அல்லவா? அளவுகளைப் பார்ப்போம். டைனமிக் மைக் தருவது சில மில்லிவோல்ட். 600 ஓம் மின்தடையில் 2 மில்லிவோல்ட் என்றால் 7 நானோவாட்டுக்கும் குறைவு. ஆன்டெனாவை அடைவதோ சாதாரணமாக 100 வாட். ஆயிரம் கோடி மடங்குக்கும் மேல். அந்த மிகுதி முழுவதும் 13.8 வோல்ட் மின்வழங்கியிலிருந்து வந்தது. மைக்குக்குள் இருக்கும் காந்தத்தையும் குரல் உண்டாக்கவில்லை. ஆகவே சார்பு நீங்கவில்லை, வேறிடத்துக்கு நகர்ந்திருக்கிறது. இந்த மறுப்பில் ஓர் உண்மையும் உண்டு. அதை விட்டுவிடக் கூடாது. ஐகாம் நிறுவனத்தின் டிரான்ஸீவர்களின் மைக் பின்னில் பொதுவாகப் பயாஸ் இருக்கும். அதில் டைனமிக் மைக்கை நேராக இணைத்தால் கம்பிச்சுருள் வழியே நேர்மின்னோட்டம் ஓடிக் குரலைக் கெடுக்கக்கூடும். இடையில் ஒரு மின்தேக்கியை வைத்துத் தடுக்க வேண்டும். கென்வுட், யேசு நிறுவனங்களின் பல செட்டுகளிலும் அதே வட்டமான 8 பின் கனெக்டர் உண்டு, ஆனால் பின்களின் ஒழுங்கு வேறு. தருவது நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, பெறுவதற்கு ஏற்றபடியும் அது வர வேண்டும். சித்தாந்திகள் அருள் ஆன்மாவில் பதிவதை, அதாவது சத்திநிபாதத்தை, மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்காக வகுத்து, ஆன்மாவின் பக்குவத்துக்குத் தக்கபடி அருள் பதியும் என்றது இந்த உண்மையை அறிந்துதான். எல்லோருக்கும் ஒரே அனுபவத்தைக் கேட்கும் சமயப் பேச்சு இதை மறந்துவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. ஆற்றலெல்லாம் பிறர் தந்தது என்றால் பொறுப்பும் அவரையே சேரும். தீய சொல்லுக்கு மனிதனை எப்படிக் குற்றம் சொல்வது? இதற்கும் வானொலியிலேயே விடை இருக்கிறது. ஒற்றைப் பக்கப்பட்டை முறையில், அதாவது எஸ்எஸ்பியில், பேச்சு நின்ற கணம் ஆன்டெனாவிலிருந்து ஏறக்குறைய எந்த ஆற்றலும் வெளியேறாது. மின்வழங்கி தயாராக நிற்கிறது, ஒலிபரப்பும் பொத்தானும் அழுத்தப்பட்டிருக்கிறது, ஆனாலும் அலை எழுவதில்லை. எழும் அலையின் ஒவ்வொரு வளைவும் பேசியவருடையது. மைக் கெயினை அளவுக்கு மீறி ஏற்றி அலைவரிசைக்கு வெளியே சிதறவிட்டு, பக்கத்தில் பேசுபவரைக் கெடுத்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த நிலையத்தின் அழைப்புக் குறிக்கு உரியவர்தான். அவசரக் காலத்தில் உதவி கேட்கும் குரலையும் வசைமொழியையும் ஒரே மின்சாரம்தான் சுமக்கிறது. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தது மின்சாரம் அல்ல. ஆற்றல் கொடுக்கப்பட்டதால் பொறுப்பு குறைவதில்லை. கடனாக வந்த வலிமையைக் கொண்டு செய்தோம் என்பதால் அது கூடவே செய்கிறது.

மூன்றாவது மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். மின்வழங்கிக்கு அறிவில்லை, அன்பில்லை. அதைக் காட்டி அருளை விளக்கினால் இறைவனை வெறும் இயந்திரமாக்கிவிடாதா? உண்மைதான். பக்குவம் அறிந்து பதிவது அருள். மின்வழங்கியோ யார் இணைத்தார் என்றுகூட அறியாது. மைக்கும் மின்வழங்கியும் இறைவன் இருக்கிறார் என்பதை நிறுவவில்லை. அருளின் இயல்பையும் முழுமையாகக் காட்டவில்லை. அவை நிறுவுவது ஒன்றே ஒன்று: முழுச் சார்பும் முழுச் செயலும் ஒன்றையொன்று அழிக்கும் எதிரிகள் அல்ல. ஆனால் அருளை நம்பினால் முயற்சி வீண் என்போரும், முயற்சியை மதித்தால் அருள் கட்டுக்கதை என்போரும் தங்கள் வாதத்தைக் கட்டியிருப்பது அந்தப் பகைமையின் மேல்தான். அது இல்லையென்றால் இரண்டு வாதங்களும் விழும்.

இதிலிருந்து வழிபாட்டுக்கும் வாழ்வுக்கும் ஒரு முடிவு பிறக்கிறது. எல்லாம் என்னால் என்ற ஆணவம் தவறு. வந்த ஆற்றலை அது மறைக்கிறது. என்னால் ஒன்றுமில்லை என்று கைவிரிப்பதும் தவறு. தான் பேச வேண்டிய சொல்லை அது பிறர் தலையில் கட்டுகிறது. வேண்டுகோளில் கேட்கத் தக்கது வலிமை. சொல்லும் செயலும் நம்மிடமிருந்து எதிர்பார்க்கப்படுபவை. அவற்றை நமக்காக வேறொருவர் செய்துதர வேண்டும் என்று கேட்பது பக்தி ஆகாது. வலிமையைத் தந்தவருக்கு நன்றி சொல்வதும், சொன்ன சொல்லுக்குத் தானே பொறுப்பேற்பதும் ஒரே மனிதனின் ஒரே கடமை.