ஓட்டில்லாதவர் பக்கம்

எதிரியிடம் "முடியாது" என்று சொல்ல யாருக்கும் வாய் வரும். தோளில் கைபோட்டு நடந்த நண்பரிடம் சொல்லத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

எஸ்.ஜே.வி. செல்வநாயகத்துக்கு அது இருந்தது. மெல்லிய உடம்பு, மெல்லிய குரல், யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையின் உறுப்பினர். 1948 டிசம்பரில் இலங்கை நாடாளுமன்றத்தில் அவர் எதிர்த்து நின்றது, தம் சொந்தக் கட்சித் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் ஆதரித்த ஒரு மசோதாவை.

பிரச்சினை, இந்திய வம்சாவளித் தமிழரான மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமை. உன் தகப்பன் இந்த மண்ணில் பிறந்தான் என்று காட்டு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்கள் என்று காட்டு என்றது அந்த ஆண்டு வந்த முதல் சட்டம். தோட்டத்து வரிசை வீடான லயத்து அறையில் பிறந்து, கொழுந்து பறித்தே காலம் கழித்தவர்கள் பூட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவார்கள்? ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். டிசம்பரில் வந்த இரண்டாவது மசோதா, விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்றது. ஆனால் அதன் நிபந்தனைகள் கடுமையானவை.

முதல் சட்டத்தைப் பொன்னம்பலமும் எதிர்த்தவர்தான். இதற்குள் அவர் அமைச்சராகிவிட்டார். அரசுக்குள் இருந்தால் தமிழர் பகுதிக்கு நாலு நல்லது செய்யலாம் என்பது அவர் எண்ணம். அது வெறும் பேச்சில்லை. சிமெண்ட் ஆலை வந்தது, அதுவும் செல்வநாயகத்தின் காங்கேசன்துறைக்கே வந்தது!

யோசித்துப் பாருங்கள். உங்கள் ஊருக்கே ஆலை கொண்டுவரும் நண்பர் "பேசாமல் இரு" என்கிறார். நீங்கள் யாருக்காகப் பேசப் போகிறீர்களோ, அவர்கள் எங்கோ மலையில் இருக்கிறார்கள். உங்களுக்கு ஓட்டுப் போடப் போவதில்லை.

செல்வநாயகம் பேசினார். இன்று அவர்களுக்கு நடப்பது, நாளை மொழிப் பிரச்சினை வரும்போது நமக்கும் நடக்கும் என்று எச்சரித்தார். கட்சி உடைந்தது. 1949 டிசம்பர் 18 அன்று இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1952 தேர்தலில் சொந்தத் தொகுதியே அவரைத் தோற்கடித்தது.

அவர் எச்சரித்தபடியே, 1956-இல் சிங்களமே ஆட்சிமொழி என்னும் 'சிங்களம் மட்டும்' சட்டம் வந்தது. அதே ஆண்டு அதே தொகுதி அவரைத் திரும்ப அனுப்பியது. ஆனால் நண்பரே, ஜெயித்ததால் அவர் சரி என்று எண்ணிவிடாதீர்கள். தோற்ற 1952-லும் அவர் சரிதான். எனக்கு அந்தத் தோற்ற மனிதர்மேல்தான் மதிப்பு அதிகம்.

மலையக மக்களுக்கு அவரால் உடனே எதையும் மீட்டுத்தர முடியவில்லை. 1964-இல் இரண்டு அரசுகள் அவர்களைக் கேட்காமலே பங்கு பிரித்தன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று முடிவானது. மிச்சமிருந்தவர்களுக்கான குடியுரிமைச் சட்டம் வர 2003 ஆயிற்று.

இது கடலுக்கு அப்பால் நடந்த பழங்கதை என்று நினைக்க வேண்டாம். சென்னையில் கள்ளிக்குப்பத்திலிருந்து செங்குன்றம் போகும் சாலையைப் பிடித்தால் புழல் அதிக தூரமில்லை. அங்கே காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் மலையகத்து வம்சாவளியினரும் உண்டு. இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் பலருக்கு இன்னும் இந்தியக் குடியுரிமை இல்லை, ஓட்டும் இல்லை.

உங்களுக்கு இருக்கிறது. அடுத்த தேர்தலில் வேட்பாளர் உங்கள் தெருவுக்கு வருவார். குடிநீரைப் பற்றிக் கேளுங்கள், மழைநீர் வடிகாலைப் பற்றிக் கேளுங்கள். காவாங்கரைப் பிள்ளைகளுக்கு எப்போது குடியுரிமை என்றும் கேளுங்கள். "அது நமக்கெதுக்கு?" என்று பக்கத்தில் நிற்கும் நண்பர் சட்டையைப் பிடித்து இழுப்பார். இழுக்கட்டும். பதில் வரும்வரை நில்லுங்கள்.